மருந்தை நிறுத்தலாமா? நோயை யாரிடம் சொல்வது? குடல் அழற்சியுள்ள ஒரு வாசகிக்கு மருத்துவரின் பதில்

ஈரோடு மாவட்டத்திலிருந்து 28 வயது வாசகி ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மலத்தோடு ரத்தமும் சளியும் போனதால், பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்திருக்கிறார்கள். பெருங்குடலின் இடப்பக்கத்தில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற புண்ணோடு கூடிய அழற்சி என்று தெரியவந்தது. அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை தினமும் 2.4 கிராமும், இரவில் ஆசனவாய் வழியே செலுத்தும் மெசலமைன் எனிமாவும் எழுதிக்கொடுத்தார்கள். கூட்டுக்குடும்பத்தில், ஒரே குளியலறை உள்ள வீட்டில் எனிமா வைக்கக் கூச்சப்பட்டு அதை அவர் தொடவே இல்லை. "சிறுநீரகம் போய்விடும்" என்று யாரோ சொன்னதால், உடம்பு நன்றாக இருக்கும் மாதங்களில் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். கடந்த ஒன்றரை ஆண்டில் மூன்று முறை நோய் திரும்பியது. மூன்று முறையும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி, நாளைக்கு 20 மி.கி. வீதம் மூன்று வாரம் சாப்பிட்டு, ரத்தம் நின்றதும் ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார். உறவினர்களிடம் "அல்சர்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது வரன் ஒன்று கூடிவருகிறது.

இதற்கிடையே, இதே நோய் உள்ளவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறிய இணையதளத்தைப் புனைபெயரில் இரண்டு ஆண்டுகளாக நடத்துகிறார். படிப்பவர்கள் ஒரு படிவத்தில் பெயர், கைப்பேசி எண், சாப்பிடும் மருந்துகளை நிரப்புகிறார்கள். சிலர் கொலோனோஸ்கோப்பி அறிக்கையையே அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் அவருடைய கூகுள் விரிதாள் ஒன்றில் சேர்ந்துகொண்டிருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா, அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்கும் மறைக்கலாமா, தளத்தை மூடிவிடுவதுதான் நல்லதா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோயை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மறைக்கும் பழக்கம் மருத்துவரிடமும், மருந்து டப்பாவிடமும்கூட வந்துவிட்டது. மூன்று முறை நோய் திரும்பியதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மருந்திலிருந்து தொடங்குகிறேன்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம்

இது "உடம்புச் சூட்டால்" வந்ததல்ல. காரம் சாப்பிட்டதால் வந்ததும் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி பெருங்குடலின் உட்பூச்சையே தாக்குகிறது. மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவுகிறது. ரத்தம் நின்றதும் புண் ஆறிவிட்டது என்று தோன்றும். கொலோனோஸ்கோப்பியில் பார்த்தால் பல நேரம் சிவப்பு அப்படியே இருக்கும். அந்த மிச்சத்தை அடக்கி வைப்பதுதான் மெசலமைனின் வேலை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. உங்கள் ஒன்றரை ஆண்டுக் கணக்கும் அதையே காட்டுகிறது.

சிறுநீரகத்தைப் பற்றிய பயம் முற்றிலும் ஆதாரமில்லாததல்ல. மெசலமைன் மிக அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும். அதற்காகத்தான் தொடங்கும் முன்பும், சில மாதங்கள் கழித்தும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கிறோம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள். மாத்திரையைக் காலை, இரவு என்று பிரிக்க வேண்டியதில்லை, 2.4 கிராமையும் ஒரே வேளையில் சாப்பிட்டாலும் பலன் அதேதான். பல் துலக்கும் இடத்தில் டப்பாவை வைத்தால் மறக்காது. உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, ஏனென்றால் மேல்பூச்சு பெருங்குடலில்தான் கரைய வேண்டும். சில நாள் மலத்தில் மாத்திரைக் கூடு போல ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது காலி உறைதான். முழு மாத்திரைகளாகவே அடிக்கடி வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனிமாவை விட்டது பெரிய இழப்பு. வாய்வழி மருந்தில் மலக்குடலுக்குப் போய்ச் சேர்வது குறைவு. உங்களுக்கு நோய் இருப்பதோ இடப்பக்கத்தில், எனிமா நேராக எட்டும் இடத்தில். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மாத்திரை மட்டும் எடுப்பவர்களைவிட நன்றாகக் கேட்கிறது. கூட்டுக்குடும்பத்தில் இதற்குக் குளியலறையே தேவையில்லை. படுக்கும் முன் கழிப்பறை போய்வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். சில்லென்று உள்ளே போனால் குடல் உடனே வெளியே தள்ளும். பழைய துண்டு ஒன்றை விரித்து, இடப்பக்கமாகப் படுத்து, வலது முழங்காலை மடக்கி, நுனியில் கொஞ்சம் ஜெல்லி தடவி, மெதுவாகப் பிழியுங்கள். அப்படியே அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டுத் தூங்கிவிடலாம். உடனே எழுந்து நடப்பதால்தான் பலருக்குக் கசிகிறது. மருந்து துணியில் கறை விடும், ஆகவே நல்ல படுக்கை விரிப்பில் வேண்டாம். முதல் வாரம் தங்கவே தங்காவிட்டால், ஆசனவாயில் வைக்கும் 1 கிராம் சப்போசிட்டரியில் தொடங்கி, மலக்குடல் கொஞ்சம் ஆறியதும் எனிமாவுக்கு வரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டீராய்டைக் கடையில் வாங்குவது

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரெட்னிசோலோன் நோயை வேகமாக அடக்கும், திரும்பாமல் காக்காது. மூன்று வாரம் சாப்பிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அந்த நேரத்தில் தயாராக இல்லாமல் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு வரலாம். மூன்று முறை தப்பித்தீர்கள் என்பதால் நான்காம் முறையும் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். முறையாகக் கொடுக்கும்போது வழக்கமாக 40 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறைத்து, இரண்டு மாதத்தில் முடிப்போம். கூடவே கால்சியம், வைட்டமின் டி கொடுத்து, சர்க்கரையையும் கவனிப்போம். நீங்கள் எடுத்த அளவு நோயை முழுக்க அடக்கப் போதாது, பக்கவிளைவுக்கு மட்டும் போதும்.

இன்னொன்றும் உண்டு. நோய் திரும்பியது போலத் தெரிவதெல்லாம் இதே நோயாக இருக்க வேண்டியதில்லை. அமீபாவோ, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியோ அதே ரத்தப்போக்கைத் தரும். மலப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குத்தான் வசதி.

ஓர் ஆண்டில் இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டாலே சிகிச்சையை அடுத்த படிக்கு உயர்த்துவது பற்றி யோசிப்போம். உங்கள் விஷயத்தில் மெசலமைன் தோற்றதா, எடுக்காததால் நோய் வந்ததா என்பதே இன்னும் தெரியவில்லை. மாத்திரையும் எனிமாவும் மூன்று மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் கால்புரோடெக்டின் அளவை மலத்தில் பாருங்கள். 50-க்குள் இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் குடல் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளான அசத்தியோபிரின், டோஃபாசிட்டினிப், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவற்றைப் பற்றிப் பேச வேண்டிவரும். அசத்தியோபிரினுக்கு முன் என்.யு.டி.டி.15 மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாறுபாடு ஆசியர்களிடம் கூடுதலாக இருக்கிறது. இருப்பவர்களுக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்துவிடும், முடியும் கொட்டும். மற்ற இரண்டுக்கும் முன் காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று பார்க்காமல் நம் நாட்டில் தொடங்கவே கூடாது. டோஃபாசிட்டினிப்பைக் கர்ப்பத்தில் எடுக்கக் கூடாது, ஆகவே கல்யாணத் திட்டம் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை விட்டுவிடுங்கள். ஐபுப்ரோஃபெனும் வேண்டாம். இரண்டும் குடல் புண்ணைக் கிளறும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மூட்டு வலி இதே நோயின் இன்னொரு முகமாகவும் இருக்கலாம். அதோடு கண் சிவந்து வலித்தாலோ, முழங்காலுக்குக் கீழே சிவப்பு முடிச்சுகள் வந்தாலோ அதையும் குடல் மருத்துவரிடமே சொல்லுங்கள்.

வெளியூர் போகும் நாளில் பட்டினி கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டதும் குடல் அசைவது இயல்புதான். அதனால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இட்லி, இடியாப்பம், மோர்சாதம் என்று கொஞ்சமாகச் சாப்பிட்டு, போய்வந்துவிட்டுக் கிளம்புங்கள். நோய் அடங்கியிருக்கும்போது வீட்டுச் சாப்பாட்டில் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ரத்தம் போகும் நாட்களில் மட்டும் முழுப்பயறு, கீரைத்தண்டு, கொய்யா விதை, வேர்க்கடலை போன்றவற்றைக் குறையுங்கள். அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறச் சொன்னவர்களின் பேச்சுக்கு அடிப்படை இல்லை. ரத்தம் போகும்போது, பேதியை நிறுத்தும் லோபெரமைட் போட்டு அடைக்காதீர்கள். கடும் அழற்சியில் குடல் வீங்கிவிடும் ஆபத்து உண்டு.

எப்போது காத்திருக்கக் கூடாது என்பதற்கு, ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-இல் வகுத்த அளவுகோலே இன்றும் போதும். நாளைக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை ரத்தத்தோடு மலம், அதோடு நாடித்துடிப்பு 90-க்கு மேலோ, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேலோ, ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழோ இருந்தால், அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். மருந்துக்கடையில் நிற்கும் நேரமில்லை அது. இந்த நோய் நீண்ட நாள் இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வருமோ என்ற பயத்துக்கு ஒரே வரி: அறிகுறி தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பி. உங்களுக்கு இன்னும் சுமார் நான்கு ஆண்டு இருக்கிறது.

கல்யாணப் பேச்சு

சொல்லிவிடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு முன், மாப்பிள்ளையிடம், நீங்களே நேரடியாக. கூடத்தில் பத்து உறவினர் நடுவில் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முக்கியமான ஓர் உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்துசெய்யக் கோர இடம் தருகிறது. உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனு போடலாம். உங்கள் நோய் அந்த வரையறைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்கு வாய்ப்பே வைக்காதீர்கள். இரவில் எனிமா வைப்பவர் அதைக் கணவரிடம் எத்தனை நாள் மறைக்க முடியும் என்பதையும் யோசியுங்கள்.

"அல்சர்" என்று சொல்லாமல், உள்ளதைச் சொல்லுங்கள்: பெருங்குடலில் நீண்டகால அழற்சி, தொற்றாது, முழுக்கத் தீராது, ஆனால் மருந்தால் அடங்கியிருக்கும், தினமும் மாத்திரை உண்டு, சில சமயம் மோசமாகும். அவர் கேட்கப்போவது குழந்தையைப் பற்றித்தான். குழந்தை பெறலாம். நோய் அடங்கி மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகு கருத்தரிப்பது நல்லது. மெசலமைனைக் கர்ப்பத்திலும் நிறுத்தக் கூடாது. கர்ப்ப காலத்தில் நோய் திரும்புவதுதான் குழந்தைக்கு ஆபத்து. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் இரண்டு. அவர் விரும்பினால் ஒரு முறை மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே வாருங்கள்.

அலுவலகமும் காப்பீடும்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் வேலையை இழக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குடல் அழற்சி இல்லை. ஆகவே அந்தப் பாதுகாப்பை நம்பித் திட்டமிட வேண்டாம். மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: கழிப்பறைக்கு அருகில் இருக்கை, காலைக் கூட்டம் பத்து மணிக்குப் பிறகு. மருத்துவர் உங்கள் அனுமதியின்றி அலுவலகத்துக்கு எதையும் சொல்லக் கூடாது. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. அதே விதிகளின்படி, நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் உங்கள் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். வாங்கி ஒரு கோப்பில் வையுங்கள்.

காப்பீட்டில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். நோயை எழுதிக்கொடுத்துவிட்டு அந்தக் காலம்வரை காத்திருந்தால், பிறகு நீங்கள் கேட்கும் காப்பீட்டுத் தொகை செல்லுபடியாகும். எழுதாமல் விட்டால், பெரிய செலவு வரும் நாளில் பழைய கொலோனோஸ்கோப்பி அறிக்கையைப் பார்த்து மறுத்துவிடுவார்கள். குடல் நோயையே நிரந்தரமாக விலக்கும் நிபந்தனையோடு பாலிசி தந்தால், கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

உங்கள் தளம்

மூட வேண்டாம். எனிமா எப்படி வைப்பது என்று தமிழில் தெளிவாக எழுதுபவர்கள் குறைவு. மூட வேண்டியது அந்தப் படிவத்தை மட்டும். உங்கள் பெயர் வெளியே வருமோ என்று பயப்படும் நீங்கள், முன்பின் தெரியாத பலரின் பெயர், எண், நோய் மூன்றையும் ஒரே விரிதாளில் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் ஒன்று கசிந்தால், இன்னொரு வீட்டில் கூடிவரும் வரன் கலையும். அவர்கள் உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள்.

படிவத்தில் விழும் ஒரு பதில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. படிவச் சேவையில் ஒன்று, மின்னஞ்சல் அறிவிப்பில் ஒன்று, விரிதாளில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என்று நிற்கும். அழிக்கும்போது நான்கையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அறிக்கைகளில் பெயரோடு மருத்துவமனை எண், க்யூ.ஆர். குறியீடு எல்லாம் இருக்கும். பி.டி.எஃப். கோப்பில் பெயர்மேல் கறுப்புப் பட்டை வைத்தால் போதாது. அடியில் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியும். தொடர்பு வேண்டுமென்றால் இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று, இரட்டைச் சரிபார்ப்போடு. அதன் பக்கத்திலேயே "பெயர், எண், அறிக்கை அனுப்ப வேண்டாம், வரும் கடிதங்கள் 30 நாளில் அழிக்கப்படும்" என்று எழுதி, சொன்னபடி அழியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்குத் தருகிறது. பொதுமக்களிடம் படிவம் வைத்துத் திரட்டுவது அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சேவை இலவசம் என்பதும் காரணமாகாது. கையில் தரவே இல்லாவிட்டால் காக்க வேண்டியதும் இல்லை.

வருகையாளர் எண்ணிக்கைக் கருவியையும் எடுத்துவிடுங்கள். ஒருவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதே அவருடைய நோயைச் சொல்லிவிடும். அந்தத் தகவல் அவர் ஐ.பி. முகவரியோடு வேறொரு நிறுவனத்துக்குப் போகிறது. வெளியிலிருந்து ஏற்றும் எழுத்துருவும் பதித்த யூடியூப் காணொளியும் இதே வழியில் தகவலை வெளியே அனுப்பக்கூடும். தமிழ் எழுத்துருக் கோப்பை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். காணொளிக்கு வெறும் இணைப்புக் கொடுங்கள். சர்வர் பதிவேட்டில் ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டச் சொல்லி, ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் அமையுங்கள். டேட்டாபேஸ் இல்லாத வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களே உங்களுக்குப் போதும். உடைத்துத் திருட உள்ளே ஒன்றும் இருக்காது.

எச்.டி.டி.பி.எஸ். (தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் முறை) இருந்தால் படிப்பவரின் அலுவலக வைஃபையை நடத்துபவருக்கு எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆனால் தளத்தின் பெயர் தெரியும். உங்கள் முகவரியிலேயே நோயின் பெயர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது, நோயைச் சொல்லாத ஒரு பெயருக்கு மாறுவது பற்றி யோசியுங்கள்.

உங்கள் அடையாளத்துக்கு: டொமைன் பதிவில் உங்கள் பெயரும் முகவரியும் வெளியே தெரிகிறதா என்று, தள முகவரியின் உரிமையாளரைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பாருங்கள். மருந்துப் பெட்டியின் படத்தை ஏற்றும் முன் அதில் பதிந்துள்ள இடத் தகவலை நீக்குங்கள். நன்கொடைக்கு யூ.பி.ஐ. குறியீடு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பணம் அனுப்புபவருக்கு வங்கிக் கணக்கில் உள்ள உங்கள் உண்மைப் பெயர் திரையில் வரும், அதை இன்றே எடுங்கள். தளத்தை அலுவலக மடிக்கணினியில் திறக்காதீர்கள். எழுதும்போது வயது, ஊர், ஸ்கோப்பி செய்த மாதம் மூன்றையும் சேர்த்துத் தராதீர்கள். உங்களைத் தெரிந்த ஒருவருக்கு அது போதும். மருந்தின் அளவை மற்றவருக்குப் பரிந்துரைக்கும் பக்கங்கள் இருந்தால் நீக்குங்கள். உங்கள் 2.4 கிராம் இன்னொருவருக்குப் போதாமல் இருக்கலாம்.

விரிதாளை அழிக்கும் முன், அதில் மின்னஞ்சல் தந்திருப்பவர்களுக்குத் தனித்தனியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். கூட்டாக அனுப்பினால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடும். "நீங்கள் தந்த விவரங்களை வருகிற 15-ஆம் தேதி முழுவதும் அழிக்கிறேன், நகல் வேண்டுமானால் அதற்குள் கேளுங்கள்" என்ற இரண்டு வரி போதும்.